மாதிரிக்கு ஒரு வலை

ஈ, கொசு எட்டிப் பார்க்காத இருட்டு மூலையில் ஒரு சிலந்தி குடியிருந்தது. வயிறு ஒட்டிப்போய், இனி எங்கே போவது என்று அது யோசித்துக்கொண்டிருந்தபோது பல்லி ஒன்று வந்து நின்றது.

"மாடியில ஒரு முதலாளி வலை நெய்ய ஆள் தேடுறார். வேளாவேளைக்குப் பூச்சி வந்துடும். முதல்ல மாதிரிக்கு ஒண்ணு, விளக்குப் பக்கத்துல நெய்து காட்டு, போதும்."

"முதலாளியைப் பார்க்கலாமாண்ணே?"

"அவர் யாரையும் பார்க்க மாட்டார். எல்லாம் என் மூலமாத்தான்."

சிலந்திக்கு என்னவோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் பசி அதற்கு மேல் கேட்க விடவில்லை. உடம்பில் மிச்சமிருந்த நூலையெல்லாம் இழுத்து, ஓர் இழை பிசகாமல் நெய்து கொடுத்தது.

"பிரமாதம்! சொல்லி அனுப்புறேன்" என்று போன பல்லி, சொல்லி அனுப்பவே இல்லை.

காத்திருந்து அலுத்துப்போய், சிலந்தி தள்ளாடிக்கொண்டே விளக்கடிக்குப் போனது. அதன் வலையில் விழுந்த பூச்சிகளைப் பல்லி ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு நகர்ந்தது. பக்கத்திலேயே ஒரு சின்னச் சிலந்தி மும்முரமாக நெய்துகொண்டிருந்தது.

"நெய்யாதே தங்கச்சி, அவன் ஏமாத்துறான். அந்த வலை நான் நெய்ததுதான்."

சின்னச் சிலந்தி அதன் ஒட்டிய வயிற்றை ஏற இறங்கப் பார்த்தது.

"பொய் சொல்லாதீங்கக்கா. அதை நெய்தவங்க மாடியில மூணு வேளையும் சாப்பிட்டுக் கொழுகொழுன்னு இருக்காங்களாம். பல்லியண்ணன் அந்த வலையைக் காட்டித்தானே என்னைக் கூட்டிட்டு வந்தார்!"

சொல்லிவிட்டு அடுத்த நூலை இழுத்தது.