மதிலைத் தாண்டியவள்

“யாரும் ஊரைவிட்டு வெளிய போகக்கூடாது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்தக்காரங்க பேரைக்கூடச் சொல்லக்கூடாது. அதாம்பா சட்டம்” என்றாள் ரூபினி.

பள்ளியில் கொடுத்த ஆங்கில நாவல். முதல் மூன்று அத்தியாயங்களைத் திங்கட்கிழமை வகுப்பில் விளக்க வேண்டுமாம். வீட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

“யாரு போட்ட சட்டம்?” என்று கேட்டார் அப்பா காளிமுத்து.

“தலைவர்தான். ஏன்னு யாரும் கேக்கக்கூடாது.”

காளிமுத்துவுக்குச் சுருக்கென்றது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி அவர். கொழுந்துச் சாக்குக்குள் கைவிட்டுக் எடைக்குக் கல் போட்டிருக்கிறார்களா என்று துழாவியே பழகியவர். மகளின் கதைக்குள்ளும் துழாவினார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் மனைவியின் அண்ணன் பழனியப்பன் வீட்டுக் கல்யாணம். அவரோடு காளிமுத்துவுக்குப் பழைய சண்டை. ‘இந்த வீட்டுல ஒருத்தரும் அங்க காலடி வைக்கக்கூடாது’ என்று போன வாரம்தான் கத்தியிருந்தார். ரூபினிக்கோ மாமா என்றால் உயிர்.

மனைவி நீலாவதியை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“கதையா அது? நம்ம வீட்டைத்தான் சொல்றா. கல்யாணத்துக்கு ஓடப் பிளான் போடறா. என்கிட்ட வாயத் தொறக்க மாட்டா. நீ நைசா கேளு லா.”

நீலாவதி மறுபேச்சு பேசாதவள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மகள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“அந்தப் புள்ள வெளிய போயிடுதா?”

“மூணாவது அத்தியாயத்துல போயிடுதும்மா.”

“எப்படி? காவலுக்கு ஆள் இல்லயா?”

“இருக்கான். ஆனா அவன் முன்வாசலையே பாத்துக்கிட்டு இருப்பான். இவ விடியக்காலைல பின்பக்கமா போய், பாரம் ஏத்தற வண்டில ஏறிக்குவா.”

“என்னத்த எடுத்துக்கிட்டுப் போவா?”

“ஒரே ஒரு பை.”

“பயமா இருக்காதா?”

“இருக்கும். ஆனா இப்பப் போகலேன்னா காலத்துக்கும் மனசு ஆறாதுன்னு நெனைப்பா.”

நீலாவதி தலையாட்டிக்கொண்டே எழுந்தாள். கதவோரம் நின்ற காளிமுத்து பூரித்துப்போனார். என்ன கேள்வி, என்ன கேள்வி! போலீஸ்காரன் கெட்டான். இத்தனை வருஷமாக இவளை அப்பாவி என்று நினைத்துவிட்டோமே!

ஞாயிறு விடிவதற்கு முன்பே எழுந்தார். மகளின் செருப்பு, பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். முன்வாசலில் நாற்காலியைப் போட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். பனியில் ரோடே தெரியவில்லை. கீழே காய்கறி லாரி ஒன்று நின்று, மறுபடி கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அசையவில்லை. லாரி போனால் போகட்டும், மகள் உள்ளேதான் தூங்குகிறாள்.

நன்றாக விடிந்தபின் ரூபினி கொட்டாவி விட்டபடி வெறுங்காலோடு வந்தாள்.

“அப்பா, பின்கதவு தொறந்து கெடக்கு. அம்மாவையும் காணோம், அவங்க பட்டுச் சேலையையும் காணோம்!”