ஆயிரம் சிசிக்குள் ஒரு கார்

"பிரேக்கை மிதிச்சுப் பார்த்தாச்சு, இன்ஷூரன்ஸ் விசாரிச்சாச்சு, வெள்ளத்துல கிடந்த வண்டியான்னு சீட்டை மோந்தும் பார்த்தாச்சு. இன்னும் என்னப்பா?" என்றாள் அம்ருதா.

அப்பா சௌரிராஜன் அந்த வெள்ளைக் காரை இன்னொரு முறை சுற்றி வந்தார். சற்றுத் தள்ளி, பழைய கார் கடையின் தகரக் கூரை நிழலில் அம்மா சத்யபாமா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரூர் பைபாஸில் ஞாயிற்றுக்கிழமை லாரிகள் இரைந்துகொண்டு போயின.

அம்ருதாவுக்கு நிலைகொள்ளவில்லை. பதினெட்டு முடிந்ததும் ஆசையாக எடுத்த எல்எல்ஆர், அந்தப் பழகுநர் உரிமம், அடுத்த வாரம் காலாவதியாகிறது. டிரைவிங் ஸ்கூல் காரில் கொடுத்த டெஸ்ட்டில் கிளட்சைச் சட்டென்று விட்டதில், வண்டி பாதியில் நின்றுபோனது. சொந்த வண்டியில் நாலு நாள் பழகினால் வெள்ளிக்கிழமை டெஸ்ட்டில் தேறிவிடுவாள். வண்டிதான் அமைய மாட்டேன் என்கிறது. ஞாயிறு தவறாமல் பார்க்கிறார்கள். உறையூரில் ஒன்று, சென்னை பைபாஸில் ஒன்று, எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு நொட்டை.

"இன்ஜின் ஆயிரம் சிசிக்குள்ளதானே?" என்றார் சௌரிராஜன்.

"சத்தியமா சார்," என்றார் கடைக்காரர் அழகர்சாமி. "தேர்ட் பார்ட்டி பிரீமியம் கையைக் கடிக்காது. ஒரே ஓனர். ஒரு கிளெய்ம்கூட போட்டதில்ல."

"கத்துக்கறவ கையில பெரிய இன்ஜினைக் குடுத்துட்டு வருஷா வருஷம் இன்ஷூரன்ஸுக்கு அழ முடியாது," என்றார் சௌரிராஜன்.

"ஏர்பேக் இல்லாத வண்டில என் பொண்ணு ஏற மாட்டான்னு உங்கப்பாட்ட சொல்லு," என்று நிழலிலிருந்து குரல் வந்தது.

"ரெண்டு ஏர்பேக் இருக்குன்னு உங்கம்மாட்ட சொல்லு."

அழகர்சாமி சிரித்துவிட்டார். "நடுவுல பாப்பா எதுக்கு தந்தி ஆபீஸ் மாதிரி? நேராவே பேசிக்கலாமே! காலைல வீட்ல சண்டையா சார்?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"எங்க வீட்லயும் இதே கதைதாங்க. சாம்பார்ல புளிப்பு தூக்கலா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அன்னைலேருந்து எம் பொண்ணு மூலமாதான் பேச்சு. இந்தாங்க சாவி. உள்ள ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க."

முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' அட்டையைக் கட்டினார்கள். அம்ருதா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பக்கத்தில் அப்பா, பின்னால் அம்மா.

"கிளட்சை மெதுவா விடு," என்றார் அப்பா.

"அவளுக்குத் தெரியும்," என்றாள் அம்மா.

வண்டி அழகாக நகர்ந்தது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. மூலை திரும்பும்போது எங்கிருந்தோ ஓர் ஆடு குறுக்கே ஓடிவர, அம்ருதா பிரேக்கை அழுத்தி மிதித்தாள். முன்சீட்டிலிருந்தும் பின்சீட்டிலிருந்தும் இரண்டு கைகள் அவளைப் பிடிக்கப் பாய்ந்து, நடுவில் மோதிக்கொண்டன.

"வளையல் குத்திடுத்தா?" என்றார் சௌரிராஜன் திரும்பி.

"இல்ல. உங்களுக்கு?"

"இல்ல."

இறங்கியதும் அழகர்சாமி கைகளைத் தேய்த்துக்கொண்டார். "என்ன சார், முடிச்சுடலாமா? நீங்க கேட்ட இன்ஜின். அம்மா கேட்ட ஏர்பேக். ஸ்ரீரங்கம் சித்திரை வீதில எந்த மூலையிலயும் நுழைஞ்சு நிக்கும்."

அம்ருதா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு குறையும் இல்லை. இனிமேல் சொல்வதற்கு எதுவுமே இல்லை.

சௌரிராஜன் தொண்டையைக் கனைத்தார். "வண்டி நன்னாதான் இருக்கு. நிறம்தான்... வெள்ளை. மாசி புழுதில என்ன ஆகும்?"

"அப்பா!"

"உங்கப்பா சொல்றது வாஸ்தவம்," என்றாள் சத்யபாமா சட்டென்று. "வெள்ளை தாங்காது."

அம்ருதாவால் நம்ப முடியவில்லை. அம்மா அப்பாவுக்கு ஒத்து ஊதுகிறாளா? "போன வாரம் கறுப்பு வேண்டாம், உச்சி வெயில்ல அடுப்பா கொதிக்கும், வெள்ளைன்னா தேவலைன்னு சொன்னது யாரும்மா?"

"சொன்னேனா?" சத்யபாமா புடவைத் தலைப்பில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

"தென்னூர்ல ஒருத்தர் புதுசா யார்டு போட்டிருக்கார்," என்றார் சௌரிராஜன், காரைப் பார்த்தபடி. "அடுத்த ஞாயிறு அங்க பார்க்கலாம்."

"எத்தனை மணிக்கு வருவேள்?" என்றாள் சத்யபாமா.

"வெயிலுக்கு முன்னாடி. ஒன்பது மணிக்கே வந்துடறேன்."

"வெறும் வயித்தோட வராதீங்கோ. இட்லி கொண்டுவரேன்."

எல்எல்ஆர் முடிகிறதே என்று கத்துவதற்காக அம்ருதா வாயைத் திறந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

அவர்கள் வாசலுக்குக் கிளம்பியதும், அழகர்சாமியிடம் சாவியை நீட்டினாள். "மன்னிச்சுக்கோங்க அண்ணா. எனக்கும் இந்த வெள்ளை பிடிக்கல."

"என்ன பாப்பா இது! அடுத்த வாரம் எல்எல்ஆர் முடியுதுன்னு துடிச்சியே?"

"முடியட்டும். புதுசா போட்டுக்கறேன். அவசரமே இல்ல," என்று வாசல் பக்கம் பார்த்தாள்.

விவாகரத்து ஆகி நான்கு வருடங்களில் முதல் தடவையாக, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் தனியாகப் போக வேண்டிய அப்பா, ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குக் கிளம்பிய அம்மாவின் பக்கத்தில், பைக்கைத் தள்ளிக்கொண்டே நடந்துபோய்க்கொண்டிருந்தார்.