சித்தப்பா கேட்ட வண்டி

"ஏம்மா, இன்னிக்காவது கார்ல உட்கார்ந்தா கார்ல உட்கார்ந்த மாதிரி இருக்குமா?"

பின் சீட்டில் ஏறியதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி இது.

"இருக்கும் சித்தப்பா" என்றாள் முன் சீட்டில் இருந்த முதலாளியம்மா. குரலில் நம்பிக்கை இல்லை, பழக்கம் இருந்தது.

முதலாளியம்மா என்றால் பெரிய கம்பெனி என்று நினைக்க வேண்டாம். ஒரு ஷெட், நாற்பது பேர், கடையில் வாங்கிய காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டுச் செய்த ஒரே ஒரு மின்சாரக் கார். இரண்டு வங்கிகளும் பதினோரு முதலீட்டாளர்களும், "பெட்ரோல் காரோட உங்களால போட்டி போட முடியாதும்மா" என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுபோல ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர், டயர் வியாபாரத்தில் சம்பாதித்த கணவனின் சித்தப்பா மட்டும்தான். சனிக்கிழமைக்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால், திங்கட்கிழமை ஷெட்டைத் திறக்க வேண்டிய சிரமம் யாருக்கும் இருக்காது.

இன்று சனிக்கிழமை.

ஸ்டியரிங்கில் ஒயர் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. இன்ஜினியர் என்று அட்டையும் உண்டு. ஷெட்டில் எல்லோருக்கும் ஒயர்தான். நான்கு நாட்களாக அதே சட்டை.

சித்தப்பாவுக்கு இது ஆறாவது ஓட்டம். முதல் தடவை, "சத்தமே இல்லையே, ஃப்ரிட்ஜுக்குள்ள உட்கார்ந்து போற மாதிரி இருக்கு" என்றார். ஒயர் பானெட்டுக்குள் ஸ்பீக்கர் வைத்து உறுமலைச் சேர்த்தான். இரண்டாம் தடவை, "உறுமுது சரி, உதறலையே?" சீட்டுக்கு அடியில், உதறுவதற்கென்றே ஒரு மோட்டார் வந்தது. மூன்றாம் தடவை கியர் கேட்டார். எதனுடனும் இணைக்கப்படாத கியர் ஒன்று முளைத்தது. நான்காம் தடவை பானெட்டைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே, உயிர் இருக்கா இதுக்கு?" என்று கவலைப்பட்டார். உள்ளே ஹீட்டர் போட்டார்கள். ஐந்தாம் தடவை வாசனை இல்லை என்றார். பெட்ரோலில் நனைத்த துணியும் அதை ஊதிவிட ஒரு விசிறியும் ஏறின.

ஒருமுறை சார்ஜ் செய்தால் முந்நூறு கிலோமீட்டர் ஓடிய வண்டி, இத்தனையையும் சுமந்து தொண்ணூறில் வந்து நின்றது. அதைச் சித்தப்பாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"எடுப்பா."

ஒயர் சாவியைத் திருகினான். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு உறுமியது.

"அடேடே, இருமல்கூட வச்சிருக்கியே! நான் கேட்கவே இல்லையேப்பா!"

"அடுத்து அதைத்தானே சார் கேட்பீங்க" என்றான் ஒயர், கொட்டாவியை அடக்கியபடி.

தெருமுனையில் சிவப்பு விளக்கு. பச்சை விழுந்தபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

சித்தப்பா கை தட்டினார். "இதும்மா! இதுதான் கார்! ரெண்டு வருஷமா எல்லாரும் என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? மின்சாரக் கார்ல போடற பணம் ஆத்துல போடற பணம்னாங்க. நானே கொஞ்சம் தயங்கினேன்."

மறுபடி வண்டி கிளம்பியது. ஷெட் வாசலுக்கு வந்து நின்றதும், அவர் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார்.

"சரி, ஒரு தடவை ஃபுல் பண்ணா எவ்வளவு தூரம் போகும்?"

முதலாளியம்மா வாயைத் திறப்பதற்குள் ஒயர் சொன்னான். "ஐநூத்தம்பது சார். ஓட்டற மாதிரி ஓட்டினா அறுநூறு."

அவள் மெல்லத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"ஃபுல் பண்ண எவ்வளவு நேரம்? ராத்திரி பூரா மாட்டி வைக்கணும்கிறாங்களே?"

"அஞ்சு நிமிஷம் சார். கூட்டம் இருந்தா பத்து."

அவள் கால் நீட்டி ஒயரின் செருப்பை மிதித்தாள். அவன் நகரக்கூட இல்லை.

"விலை? இதே அளவு பெட்ரோல் காரைவிட எவ்வளவு ஜாஸ்தி?"

"அதே விலைதான் சார். ஒத்தப் பைசா கூட இல்லை."

சித்தப்பா முன் சீட்டுப் பக்கம் கையை நீட்டினார். முதலாளியம்மா கொடுத்த ஒப்பந்த ஃபைலை வாங்கி மடியில் வைத்து, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். "பெட்ரோல் காரோட கதை முடிஞ்சுதும்மா. பாவம், அதை நம்பிப் பணம் போட்டவன் கதி என்ன ஆகுமோ" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். பானெட்டைத் தொட்டார். சுரீர் என்றது. கையை உதறியபடி சந்தோஷமாகப் போனார்.

அவர் தலை மறைந்ததும் முதலாளியம்மா பொரிந்து தள்ளினாள்.

"அறுநூறா? அஞ்சு நிமிஷமா? அளந்து விடறதுக்கு ஒரு அளவு வேணாமா? நாளைக்கே அவர் ஒரு பயணம் போய்ப் பார்த்தா நாற்பது பேரும் நடுத்தெருவுலதான் நிக்கணும்! ஏன் இப்படிப் பொய் சொன்னீங்க?"

"பொய் சொல்ற தெம்பெல்லாம் இல்லை மேடம்." ஒயர் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தான். "இந்த வண்டி அவ்வளவு போகும்."

"எப்படிப் போகும்? என்ன பேட்டரி போட்டீங்க?"

"நம்ம வண்டி நேத்தே படுத்திடுச்சு மேடம், அவர் கேட்டதையெல்லாம் தூக்க முடியாம. இது எங்க அக்கா வீட்டுக்காரரோடது, அதே மாடல், நம்ம ஸ்டிக்கரை மட்டும் ஒட்டினேன்" என்றவன் கண்ணைத் திறக்காமலே சேர்த்துக்கொண்டான்: "சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் பெட்ரோல் போட்டுக் கொடுக்கணும்."