கட்டிலுக்கடியில் அலையாத்தி

அலையாத்திக் கன்று தானாக முளைத்து நாலு இலை விட்டுவிட்டால் அந்த இடம் சதுப்புக்குச் சொந்தம். குடியிருப்பவர்கள் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம். அதனால் தையல்நாயகி தினமும் கடல் ஓதம் வடிந்ததும், வீட்டுக்குள் ஒதுங்கிய விதைகளைப் பொறுக்கி வெளியே எறிந்துவிடுவாள்.

அன்று காலை, படுத்த படுக்கையாகக் கிடந்த கணவன் மாசிலாமணியின் கட்டிலுக்கடியில் ஒரு கன்றைக் கண்டாள். சிமெண்டு வெடிப்பில் வேர் பிடித்து, நாலு இலையும் விரிந்திருந்தது. குனிந்து தண்டைப் பிடித்தாள்.

“அத விட்டுரு தையலு,” என்றான் அவன். இருபது வருஷம் கூலிக்கு அலையாத்தி நட்டவன். “கரையெல்லாம் முழுகிப்போச்சு. அதுக்கு வேற எடம் ஏது?”

“நமக்கு மட்டும் இருக்கா? ஒங்களத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?”

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கன்றோடு ஒரு முழம் தரையும் பெயர்ந்து வந்தது. கீழே மண் இல்லை. உப்புத் தண்ணீர்தான் நின்றது. அது ஓசையில்லாமல் ஏறி அவள் பாதத்தை நனைத்தது.

“புடுங்கிட்டியா?” என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

“ஆச்சு,” என்றாள் தையல்நாயகி. காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு அவனருகே உட்கார்ந்தாள்.