கூட்டல் பிழை

"முப்பத்தேழை ஒன்பதால பெருக்கி, அஞ்சால வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினா எம்புட்டு வரும் சிஸ்டர்?"

மில் நர்ஸ் ஞானபாக்கியத்திடம் கேட்ட லேபர் ஆபீசர் சங்கரலிங்கம், பதிலையும் தானே சொன்னார்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு. நீங்க என்ன எழுதியிருக்கீக? நூறு புள்ளி ஆறு!"

மேனேஜர் ராஜரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ராஜபாளையத்தில் அந்த நூல் மில்லுக்கென்று ஒரு ரூல் உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்று யார் லீவு கேட்டாலும் டிஸ்பென்சரியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பாரன்ஹீட்டில் நூறைத் தொட்டால் வீட்டுக்குப் போகலாம். தொடாவிட்டால் மெஷினுக்கு. தலைசுற்றல், வயிற்றுவலி இதெல்லாம் தெர்மாமீட்டரில் ஏறாது என்பதால் மில்லைப் பொறுத்தவரை நோய்க் கணக்கிலேயே சேர்த்தி இல்லை.

பழைய தெர்மாமீட்டர் உடைந்துபோய், எண்பத்தெட்டாம் வருஷம் மதுரையிலிருந்து புதிது வந்தது. வந்தது செல்சியஸ். லீவு ஃபாரத்தில் அச்சடித்திருந்ததோ பாரன்ஹீட். அதனால் சிஸ்டர்தான் கணக்குப் போட்டு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

சங்கரலிங்கம் பி.எஸ்சி. கணிதம். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். மூன்று மாத ரிஜிஸ்தரைக் கால்குலேட்டரும் கையுமாகப் புரட்டியவருக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம்.

"பதினாலு இடத்துல தப்பு சார். பதினாலுலயும் ரெண்டு டிகிரி கூடுதல். பதினாலும் பொம்பளை பேரு! ரீலிங்ல நூல் சுத்துற வெள்ளத்தாய்க்கு மட்டும் மூணு மாசத்துல மூணு காய்ச்சல்."

"ஆம்பளையளுக்கு?"

"அதெல்லாம் புள்ளி பிசகாமச் சரியா இருக்கு. பொம்பளைக்குப் பொம்பளை சலுகை சார், வேற என்ன?"

மேனேஜர் சிஸ்டரைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"முப்பத்திரண்டுக்குப் பதிலா முப்பத்துநாலைக் கூட்டிருப்பேன் சார்."

"அதான், ஏன்?"

சிஸ்டர் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குக் கணக்கு வராது சார்."

மெமோ கொடுத்தார்கள். அன்றிலிருந்து தெர்மாமீட்டர் வைப்பது மட்டும் சிஸ்டர் வேலை. கணக்குப் போடுவது சங்கரலிங்கம்.

மறு மாதம் வெள்ளத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் மேசைமுன் வந்து நின்றாள்.

"முப்பத்தேழு புள்ளி ஒண்ணா? தொண்ணூத்தெட்டு புள்ளி எட்டு. போ, போயி வேலையப் பாரு."

"நிக்க முடியல சார். செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

"உக்காந்தா சூடு ஏறிருமாக்கும்?"

பக்கத்திலிருந்த கிளார்க் சிரித்தார். சங்கரலிங்கத்துக்கு அது இன்னும் உற்சாகமாக இருந்தது.

பதினோரு மணிக்கு வெள்ளத்தாய் மெஷினடியில் மயங்கி விழுந்தாள். நெற்றியில் இரண்டு தையல். தையல் போட்டது ஞானபாக்கியம். விபத்துக்கான காரணம் என்ற கட்டத்தில், "கவனக்குறைவு" என்று முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியது சங்கரலிங்கம்.

ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். சங்கரலிங்கத்துக்கு அதுதான் ஊர். தூத்துக்குடியிலிருந்து மாமனார் வீட்டுச் சனம் மொத்தமும் முதல் நாளே வந்து இறங்கிவிட்டது. ஆனால் மில்லுக்கு லீவு இல்லை; அவரிடமும் மிச்ச லீவு இல்லை.

"எல்லாரும் வந்திருக்கையில நீங்க இல்லாட்டா எங்கய்யா என்ன நினைப்பாக? தேரு நிலைக்கு வாரதுக்குள்ள எப்படியாச்சும் வந்துருங்க," என்று மனைவி சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டிருந்தாள்.

பத்து மணிக்குக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, டிஸ்பென்சரி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார் சங்கரலிங்கம்.

"உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு சிஸ்டர். பாருங்க."

பார்த்தார். முப்பத்தாறு புள்ளி ஒன்பது.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு சார். நல்லாத்தான் இருக்கீக."

சிஸ்டர் நொடியில் கணக்குப் போட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியது.

"என் லீவுக்கு நானே கணக்குப் போட்டா நல்லா இருக்காது பாருங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு நீங்களே எழுதிருங்க. அந்த... முப்பத்துநாலைக் கூட்டினா எம்புட்டு வரும்?"

ஞானபாக்கியம் தெர்மாமீட்டரை ஸ்பிரிட்டில் துடைத்தார். நிதானமாக உறையில் போட்டு மூடினார்.

"நூறு புள்ளி நாலு வரும். ஆனா அந்த ரெண்டு டிகிரி, பொம்பளையளுக்கு மாசத்துல மூணு நாள் வாரது சார். உங்களுக்கு வராது."