இந்தக் காதால கேட்டது

“நேர்ல கேட்டீங்களா மாமா?”

மாமாவிடம் மட்டும் ஆதாரம் கேட்டுவிடாதே என்று உம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் கல்லூரியில் நபிமொழிகளான ஹதீஸ் நடத்த அவளுக்கு வேலை கிடைத்து, இன்று முதல் வகுப்பு. மாமா வாசலை மறித்து நின்றார்.

“பொம்பளைங்க ஹதீஸ் நடத்தக் கூடாதுன்னு பெரிய உஸ்தாதே சொன்னார், பட்டதாரியம்மா. இந்தக் காதால கேட்டேன்.”

“எப்போ?”

“நான் மதரஸாவுல ஓதச் சேர்ந்த அன்னைக்கு. தோள்ல கை போட்டுச் சொன்னார்.”

ஒரு ஹதீஸைச் சொன்னவரும் கேட்டவரும் நேரில் சந்தித்தார்களா என்று பார்ப்பதுதான் அவள் படித்த படிப்பு.

“எந்த மதரஸா?”

“தெரியாத மாதிரி கேக்குறா பாரு. பெரிய உஸ்தாத் நினைவு மதரஸா.”

உம்மாதான் முதலில் நிமிர்ந்தாள். “மௌத்தாகி அடக்கமானவர் எப்படிண்ணே தோள்ல கை போட்டார்?”

மாமா வாசலிலிருந்து ஓர் எட்டு விலகினார்.

“முதல் பாடம் கிடைச்சிருச்சு” என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மாமாவைத் தாண்டி நடந்தாள்.