சூலம், மேல ரெண்டு

"பாம்பு. ஒரு கம்பி. சூலம். இன்னொரு கம்பி. மேல ரெண்டு. டீ எக்ஸ். சமம், பூச்சியம்."

அனுசியாவின் குரல் ஒரு சின்ன இருமலோடு நின்றது. கட்டிலில் சாய்ந்திருந்த பேராசிரியர் இருளாண்டி, பார்வையில்லாத கண்களைக் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"பூச்சியமா? ஒண்ணுல்ல வரணும்!"

"பூச்சியம்தான் போட்டுருக்கு."

"வெளங்குனாப்புலதான். ஒண்ணுன்னா அந்தத் துகள் எங்கயோ ஒரு எடத்துல இருக்குன்னு அர்த்தம். பூச்சியம்னா எங்கயுமே இல்ல. இருக்கா இல்லையாங்கிறதுலயே தப்பு விட்டா, படிக்கிற பயலுக என்ன ஆவானுக? அதை அடிச்சுட்டு ஒண்ணு போடு."

சிவப்புப் பேனா பூச்சியத்தை அடித்தது. கண்ணாடி வளையல்கள் குலுங்கின.

முதுகலை மாணவர்களுக்காக அவர் எழுதிய குவாண்டம் இயக்கவியல் பாடநூலின் இரண்டாம் பதிப்பு அது. சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோன பிறகு, அவருக்கு ப்ரூஃப் வாசித்துக் காட்டுவது மனைவி அனுசியாவின் வேலை என்று ஆகிப்போனது. கிரேக்க எழுத்துகள் அவளுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்த உருவத்தைச் சொல்வாள். 'சை' என்றால் சூலம், 'லாம்டா' கவுத்துப் போட்ட கவட்டை, தொகையீட்டுக் குறி பாம்பு, நெட்டுக்கோடு கம்பி. இருளாண்டிக்கு அது போதும்.

வாசலில் பால்கார மூக்கம்மாளின் சத்தம் கேட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து பாத்திரத்தோடு போனவள், மகள் தங்கலட்சுமி.

மூக்கம்மாள் பாலை ஊற்றவில்லை. தூக்குச்சட்டியை வாசற்படியில் வைத்தாள்.

"ஏத்தா, நீயா அது? அனுசியாக்காதான் உள்ள பேசுறாகன்னு... மேலெல்லாம் சிலுத்துப் போச்சு, பாரு."

"மெதுவாப் பேசுங்க சின்னம்மா. அப்பாவுக்குக் கேட்டுரும்."

"பேயி வந்து புடிச்சா வேப்பெல அடிச்சு ஓட்டலாம். நீயா போயிப் புடிச்சுக்கிட்டா யாருடி ஓட்டுறது? செத்தவுக கொரல எடுத்துப் பொழங்காத. அப்புறம் அது திரும்பிப் போவாது."

உள்ளேயிருந்து இருளாண்டி மகளைக் கேட்டார். "தாயி, யாரு அங்க?"

"பால்காரம்மாப்பா!"

தன் சொந்தக் குரல் தங்கலட்சுமிக்கு யாரோ பேசியது போலக் கேட்டது.

சித்திரை வெயிலில் நெஞ்சுவலி வந்து, மதுரை ஆஸ்பத்திரியில் இருளாண்டி நினைவில்லாமல் கிடந்த நாளில்தான், பாளையம்பட்டியில் இந்த வீட்டில் அனுசியா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். காரியமும் முடிந்துவிட்டது. அதிர்ச்சி தரும் எதையும் இப்போதைக்கு அவர் காதில் போட வேண்டாம் என்றார் டாக்டர்.

வீடு திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏ அனுசியா, ப்ரூஃப் வந்துருச்சா?" என்ன சொல்வதென்று தங்கலட்சுமி யோசிப்பதற்குள், அவள் தொண்டையிலிருந்து அம்மா "வந்துருச்சு" என்றாள்.

"புக்கு முடியட்டும், சொல்லிருவோம். பாதியில சொன்னா அவுக தாங்க மாட்டாக" என்று அண்ணன் விஜயபாண்டி திருப்பூரிலிருந்து போனில் சொல்லியிருந்தான். புத்தகம் இன்று முடிகிறது.

திரும்பி வந்து, அம்மாவின் வளையல்களை மணிக்கட்டுக்கு மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். இருமல் வந்தது. அதை அவள் வரவழைக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அது தானாக வருகிறது.

"ம். அடுத்தது" என்றார் இருளாண்டி. முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிவதற்குள் பத்துத் தடவை 'ஏ அனுசியா' என்பவர். இப்போது 'ம்', 'அடுத்தது' என்பதோடு சரி. உடம்பு அசதி என்று தங்கலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

"லாம்டா சமம்..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளும் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"கவுத்த கவட்டை. சமம், எச்சு. கீழ பி" என்று அவசரமாக மாற்றி வாசித்தாள்.

ஒரு கமா தவறினாலே பாய்கிற மனுஷன், "ம்" என்றார். அவ்வளவுதான்.

முகப்புப் பக்கங்களை அச்சகத்தில் கடைசியாகத்தான் அனுப்புவார்கள். கட்டின் அடியில் மிஞ்சியிருந்தது சமர்ப்பணப் பக்கம். ஒரே வரி. தங்கலட்சுமி அதைக் கையில் எடுத்தாள். இதை வாசித்து முடித்துவிட்டு, சொந்தக் குரலில் மற்றதைச் சொல்லியாக வேண்டும். போர்வைக்குள் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு பக்கம் இருந்தால் தேவலை என்றிருந்தது.

"என்ன, கட்டு தீந்துபோச்சா?"

"ஒரு வரி இருக்கு." குரல் தடுமாறாமல் அம்மாவே வாசித்தாள். "என் கண்ணாக இருக்கும் அனுசியாவுக்கு."

ஒரு நொடி விட்டு, "இதுல தப்பு ஒண்ணுமில்ல" என்றும் சொன்னாள்.

இருளாண்டி கையை நீட்டித் துழாவி, வளையல் போட்டிருந்த கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது.

"'இருக்கும்' தப்பு. 'இருந்த'ன்னு திருத்திக்க, தாயி."